திருடன் கையில் கைப்பேசி: 'சிமுலாக்ரா' இரு பாகங்கள், மெய்ப்பாட்டியல் நோக்கில் ஓர் ஒப்பீடு

பேய்ப் படத்துக்கு இரண்டாம் பாகம் எடுத்தால் பேய்களின் எண்ணிக்கை கூடும், பயம் குறையும். காசு கொடுத்துத் திரையரங்கில் பார்த்த நம் எல்லாருக்கும் இது தெரிந்ததே. நிகழ்பட விளையாட்டிலும் இதே கதைதானா? ஆம் எனில், ஏன்? இக்கேள்விக்கு விடை தேடும் சிறு முயற்சியே இக்கட்டுரை. ஒப்பீட்டுக்கு நான் எடுத்துக்கொண்டவை 'சிமுலாக்ரா' (2017), 'சிமுலாக்ரா 2' (2019) ஆகிய இரண்டு விளையாட்டுகள். அளவுகோலாக எடுத்துக்கொண்டது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். இரண்டும் எப்படி ஒட்டும் என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் (நம் கழகத்தில் அவர்கள் சிலர் உண்டு) கொஞ்சம் பொறுத்துப் படிக்க வேண்டுகிறேன்.

'சிமுலாக்ரா'வைத் தேர்ந்தெடுத்ததற்கு முதற்காரணம், அது மலேசியாவில் உருவானது. 2016-இல் 'சாரா இஸ் மிஸ்ஸிங்' என்ற சிறிய விளையாட்டை இணையத்தில் வெளியிட்ட மலேசியக் குழுவினரே பிறகு காய்கான் கேம்ஸ் என்ற பெயரில் 'சிமுலாக்ரா'வைச் செய்தார்கள். இடையில் 2018-இல் 'பைப் டிரீம்ஸ்' என்ற கிளைக்கதையும், 2022-இல் மூன்றாம் பாகமும் வந்தன. நான் இங்கு முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன். முடிவுகளையும் சொல்லப்போவதில்லை, விளையாடாதவர்கள் துணிந்து படிக்கலாம்.

உயிர்பிழைப்புத் திகில்

ஆங்கிலத்தில் 'சர்வைவல் ஹாரர்' எனப்படும் வகையை உயிர்பிழைப்புத் திகில் என்று சொல்லலாம். இப்பெயரை உலகறியச் செய்தது 1996-இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட 'ரெசிடென்ட் ஈவில்'. ஷின்ஜி மிகாமி இயக்கியது. அதில் நம்மிடம் துப்பாக்கி இருக்கும்; தோட்டா போதாது. கிறிஸ் என்ற பாத்திரத்தை எடுத்தால் ஆறு பொருள்களைத்தான் சுமக்கலாம். ஜில் என்றால் எட்டு. விளையாட்டைச் சேமித்து வைக்கக்கூட ஒரு தட்டச்சுப் பொறியும் மை நாடாவும் வேண்டும், அந்த நாடாவும் எண்ணிக்கைக்கு உட்பட்டது. கேமரா நம் விருப்பப்படி திரும்பாது. மூலைக்கு அப்பால் முனகும் ஒலி கேட்கும், உருவம் தெரியாது. பற்றாக்குறைதான் இந்த வகையின் இலக்கணம். பேய் எவ்வளவு பெரியது என்பதைவிட நம் கையில் எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதே பயத்தைத் தீர்மானிக்கிறது.

'சிமுலாக்ரா'வில் துப்பாக்கி இல்லை, மாளிகை இல்லை, ஓட்டமும் இல்லை. அதனால் சிலர் அதை இவ்வகையில் சேர்ப்பதில்லை. பற்றாக்குறை என்ற இலக்கணத்தை வைத்துப் பார்த்தால் அது உறுதியாகச் சேரும் என்பது என் கருத்து. அங்கே குறைவாக இருப்பது தோட்டா அன்று, உரிமை. இதைப் பின்னர் விளக்குகிறேன்.

அச்சம் நான்கு

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயல் மெய்ப்பாட்டியல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகள் எட்டு. ஒவ்வொன்றும் பிறக்கும் களங்கள் நான்கு நான்காக முப்பத்திரண்டு. அவற்றுள் அச்சம் பிறக்கும் களங்களாகத் தொல்காப்பியர் சொல்பவை அணங்கு, விலங்கு, கள்வர், இறை. அணங்கு என்பது பேய் முதலாக நம்மை வருத்தும் ஆற்றல்கள். விலங்கும் கள்வரும் விளக்கம் வேண்டாதவை. இறை என்பது அரசன். நம்மேல் அதிகாரம் செலுத்தும் எவரும் என்று விரித்துக்கொள்ளலாம்.

பயத்தைப் பற்றி யோசித்த ஒருவர் பேயை நான்கில் ஒன்றாக மட்டும் வைத்திருப்பதைக் கவனியுங்கள். நாம் 'திகில்' என்றதும் நான்கு இடத்திலும் பேயையே உட்கார வைக்கிறோம்.

இந்த நால்வகையை நான் முதலில் சோதித்துப் பார்த்தது என் பாட்டியிடம்தான். இன்று தெப்ராவ் என்றால் பேரங்காடியும் நெடுஞ்சாலை நெரிசலும் நினைவுக்கு வரும். பாட்டி அறிந்த தெப்ராவ் ரப்பர்த் தோட்டம். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்குப் போனவர். பேய் பயம் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார், ஒரு குறிப்பிட்ட நிரைக்குப் போகும்போது முனியாண்டியை வேண்டிக்கொள்வாராம். விலங்கு? பாம்பு, காட்டுப்பன்றி. திருடன்? பால் வாளியையும் ஒட்டுப்பாலையும் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இருந்தார்களாம். நான்காவதை நான் கேட்கவே இல்லை. அவரே சொன்னார்: "இதெல்லாம் பயமாடா? பெரட்டுக்கு லேட்டாப் போயி கிராணி முன்னால நிக்கிறதுதான் பயம். பேயைப் பாத்தா ஓடிறலாம், கிராணியப் பாத்து ஓட முடியுமா?"

தொல்காப்பியம் படிக்காத பாட்டி இறையச்சத்தைக் கடைசியாகவும் கனமாகவும் வைத்தார். அதற்குப் பிறகே இந்த நான்கையும் ஓர் அளவுகோலாக நம்பத் தொடங்கினேன்.

'ரெசிடென்ட் ஈவில்' இந்த அளவுகோலுக்கு நன்றாகவே நிற்கிறது. நடைபிணங்களை அணங்கின் கணக்கில் வைக்கலாம். நடைவழியின் சன்னலை உடைத்துக்கொண்டு பாயும் நாய்கள், பரண் அறையின் பெரும்பாம்பு, சிலந்திகள் யாவும் விலங்கு. நாம் நம்பிப் பின்தொடர்ந்த குழுத்தலைவன் வெஸ்கரே காட்டிக்கொடுப்பவன் என்று தெரியவரும்போது இறையும் வந்துவிடுகிறது. கள்வர் மட்டும் அங்கு மெலிவு. அந்தக் காலியிடத்தில்தான் 'சிமுலாக்ரா' கால் வைக்கிறது.

முதல் பாகம்: நாமே கள்வர்

'சிமுலாக்ரா'வின் கதையை ஒரு வரியில் சொல்லலாம். அன்னா என்ற பெண்ணின் தொலைந்த கைப்பேசி நம் கைக்கு வருகிறது. அதில் உதவி கேட்டு அழுவதுபோல் ஒரு காணொளி இருக்கிறது. அவ்வளவுதான். விளையாட்டின் முழுத்திரையும் அந்தக் கைப்பேசியின் திரை. அவளுடைய குறுஞ்செய்திகள், மின்னஞ்சல், படங்கள், 'ஸ்பார்க்' என்ற துணைதேடும் செயலி எல்லாவற்றையும் நாம் திறந்து படிக்க வேண்டும். கிரெக் என்ற காதலனும், செயலிவழி பழக்கமான டெய்லர் என்பவனும் நம்மோடு பேசுகிறார்கள். யாரை நம்புவது என்பது நம் பொறுப்பு. கணினியிலும் விளையாடலாம். கைப்பேசியில் விளையாடினால் அன்னாவின் திரையும் நம் திரையும் ஒன்றாகிவிடும். உண்மையான செய்தி ஒன்று இடையில் வந்து ஒலித்தால் இதயம் ஒரு கணம் நின்றுவிடுகிறது.

பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டில் இதை விளையாடியபோது படிவம் நான்கு படிக்கும் என் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். 'அன்னா' என்று திரையில் வரும்போதெல்லாம் 'அண்ணா' என்று என்னைக் கூப்பிட்டு அவள் செய்த கேலியை இங்கு விரிக்க வேண்டாம். அரைமணி நேரம் சென்றதும் அவள் கேட்டாள்: "அண்ணா, இது அவங்க போன்தானே? நம்ம ஏன் படிக்கிறோம்?"

அவள் பேயைக் கண்டு பயப்படவில்லை. அதுவரை பேயே வரவில்லை. ஆனாலும் அறையில் ஏதோ கனத்தது. இன்னொருத்தியின் மின்னஞ்சலுக்குள் நுழைய அவளுடைய பழைய செய்திகளைத் துழாவிக் கடவுச்சொல்லுக்கான துப்பைத் தேடுகிறோம். அவள் தன் காதலனுக்கு எழுதி அழுததைப் படிக்கிறோம். சில இடங்களில் அவளாகவே நடித்துப் பதில் எழுதவும் வேண்டியிருக்கிறது. நல்ல நோக்கம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அனுமதி இல்லை. காவல்நிலையத்தில் ஒப்படைக்க வேண்டிய பொருளை வைத்துக்கொண்டு துருவுகிறவனை நம் ஊரில் எந்தப் பெயரால் அழைப்போம்?

தொல்காப்பியர் 'கள்வர்' என்றபோது கள்வரைக் கண்டு பிறர் அஞ்சுவதையே கருதியிருப்பார். 'சிமுலாக்ரா' அதைத் திருப்பிப் போடுகிறது: நாமே கள்வர்; பிடிபடுவோமோ என்ற கள்வனின் அச்சம் நமக்கு. கிரெக் கேள்வி கேட்கும்போதெல்லாம் இறையச்சமும் தலைகாட்டுகிறது. அவனுக்கு அந்தக் கைப்பேசியின்மேல் நம்மைவிட அதிக உரிமை உண்டு. அணங்கு இவற்றின்மேல் மெதுவாக, பின்னால்தான் வந்து அமர்கிறது. அப்போது அதற்குப் பெரிய வேலை இல்லை. நாம் ஏற்கெனவே குற்றவுணர்வில் இருக்கிறோம். சிறு அசைவு போதும்.

சிதைந்த செய்திகளைச் சீராக்கும் புதிரும் இதற்குத் துணை செய்கிறது. கலைந்து கிடக்கும் சொற்களை நாமே வரிசைப்படுத்தி வாக்கியமாக்க வேண்டும். கலைந்த படங்களையும் அப்படியே. புதிராக மதிப்பிட்டால் அது எளியது, சற்று அலுப்பும்கூட. ஆனால் அவள் மறைத்த வாக்கியத்தை நம் விரலாலேயே மறுபடி எழுத வைக்கிறது. படிப்பதோடு நில்லாமல் எழுதவும் செய்கிறோம்.

இரண்டாம் பாகம்: கள்வனுக்குச் சீருடை

'சிமுலாக்ரா 2' தயாரிப்பில் முதலாவதைவிட மேலானது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். நடிப்பு தேறியிருக்கிறது, காணொளிகள் தெளிவு, கதைக்குள் பின்னல் அதிகம். மாயா என்ற இளம் சமூக ஊடகப் பிரபலம் இறந்துபோகிறாள். விபத்து என்கிறது அதிகாரப்பூர்வ அறிக்கை. முரிலோ என்ற துப்பறிவாளர் அதை நம்பவில்லை. சான்றறையிலிருந்து அவளுடைய கைப்பேசியைத் திருடி வந்து நம்மிடம் ஒப்படைக்கிறார். நாம் புதிதாகச் சேர்ந்த துப்பறிவாளராகவோ, புலனாய்வுச் செய்தியாளராகவோ இருக்கலாம், தேர்வு நம்முடையது. அழிக்கப்பட்ட தரவுகளை மீட்கக் காவல்துறையின் மென்பொருளே உதவுகிறது. சந்தேகத்துக்குரியவர்கள் மூவர், மூவருமே சமூக ஊடகத்தில் பெயர் பெற்றவர்கள்.

கதையில் திருட்டு இருக்கிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆனால் திருடியவர் முரிலோ. நமக்கு அந்தக் கைப்பேசி வேலையாக வந்து சேர்கிறது. யாராவது 'நீ யார்?' என்று கேட்டால் சொல்ல ஒரு பதில் இருக்கிறது. முதல் பாகத்தில் அந்தப் பதிலே இல்லாமல்தான் திண்டாடினோம். தங்கை இந்தப் பாகத்தையும் உடன் உட்கார்ந்து பார்த்தாள். ஒருமுறைகூட 'நம்ம ஏன் படிக்கிறோம்' என்று கேட்கவில்லை. 'இவன்தான் செஞ்சிருப்பான்' என்று ஆள் ஆளாகக் காட்டிக்கொண்டிருந்தாள். நன்றாகப் பொழுது போனது. பயம் மட்டும் வரவில்லை.

மெய்ப்பாட்டியல் சொல்லால் சொன்னால், விளையாடுபவரை அச்சத்திலிருந்து பெருமிதத்துக்கு இடம் மாற்றிவிட்டார்கள். பெருமிதம் பிறக்கும் நான்கில் கல்வியும் தறுகணும் உண்டு. துப்பறிவாளருக்கு வேண்டியவை இவ்விரண்டும்தாம்: அறிவும் அஞ்சாமையும். அஞ்சாமையை வேலையாகக் கொடுத்துவிட்டு அஞ்சு என்றால் எப்படி?

போதாததற்கு, அணங்கை நமக்கு முன்பே தெரியும். முதல் பாகத்தில் அது என்னவென்று தெரியாததால் மருட்கையும் உடன் வந்தது. மருட்கையின் களங்களில் முதலாவது புதுமை. இரண்டாம் பாகத்துக்கு அந்தப் புதுமை கிடைக்க வழியில்லை. ஆகவே மருட்கையின் இன்னொரு களமான பெருமையை, அதாவது அளவில் பெரிதாவதை, நாடுகிறது. ஆட்கள் கூடுகிறார்கள், செயலிகள் கூடுகின்றன. எந்தத் தொடர்பாகமும் எளிதில் விழும் பள்ளம் இது.

ஒன்றில் மட்டும் இரண்டாம் பாகம் முதலாவதை வென்றிருக்கிறது. அன்னா காணாமல் போனவள். காப்பாற்றலாம் என்ற எண்ணம் நம்மை ஓட வைக்கும். மாயா தொடக்கத்திலேயே இறந்துவிட்டாள். அவள் நாளைக்குச் செய்வதாக எழுதிய செய்தியைப் படிக்கும்போது அந்த நாளை வரவில்லை என்று நமக்குத் தெரியும். அழுகை பிறக்கும் களங்களில் ஒன்று இழவு. திகிலுக்காக உட்கார்ந்த எனக்குச் சில இடங்களில் தொண்டை அடைத்தது. இந்த வழியிலேயே அவர்கள் இன்னும் போயிருக்கலாம். போகாமல் அடுத்த சந்தேக நபரிடம் இழுத்துச் சென்றுவிட்டார்கள்.

சீருடை மட்டுமா காரணம்?

சீருடை கொடுத்தாலே பயம் போய்விடும் என்று முடிவு கட்டவும் முடியாது. 'ரெசிடென்ட் ஈவில் 2' இதற்கு மறுசான்று. 1998-இல் ஹிடேக்கி காமியா இயக்கத்தில் வந்தது. முதல் பாகத்தின் மாளிகை இங்கு ஒரு நகரமாக விரிகிறது. ஒரே திரையில் நடைபிணங்களின் கூட்டம் பெருகுகிறது. பெருமை என்ற பள்ளத்தில் இதுவும் காலை வைத்ததுதான். லியோன் என்ற நாயகனுக்கு அன்று காவலர் வேலையில் முதல் நாள். சீருடை புத்தம் புதிது.

அவன் போய்ச் சேரும் காவல்நிலையம் அவனைக் காப்பாற்றவில்லை. உள்ளே சக காவலர்கள் செத்துக் கிடக்கிறார்கள். நிலையத்தின் தலைவர் அயன்ஸ், நகரத்தை நாசமாக்கிய நிறுவனத்திடம் கையூட்டு வாங்கியவர், கொலைகாரரும்கூட. புகலிடமாக இருக்க வேண்டிய இறையே அச்சத்தின் ஊற்றாகிவிடுகிறது. சீருடை இருக்கிறது, அதற்குப் பின்னால் யாரும் இல்லை. 2019-இல் வந்த மறுஆக்கத்தில் கனத்த காலடியோடு நிலையம் முழுக்கத் துரத்தும் 'மிஸ்டர் எக்ஸ்' உருவத்தைப் பலர் பேசுவார்கள். அவன் வருமுன்பே அந்தக் கட்டடம் நம்மைப் பயமுறுத்தி முடித்திருக்கும் என்பேன்.

'சிமுலாக்ரா 2' இதைச் செய்திருக்க முடியும். சான்றறையில் திருடுகிற துப்பறிவாளர் கதைக்குள்ளேயே இருக்கிறார். அவரை நம்பலாமா என்ற ஐயத்தைக் கதையின் நடுவில் வைத்திருந்தால், நம் கையிலுள்ள அனுமதிச்சீட்டே போலியோ என்று நாம் நடுங்கியிருப்போம். முதல் பாகத்தின் கள்வர் அச்சம் வேறு வாசல் வழியாக உள்ளே வந்திருக்கும்.

தமிழ்க் கைப்பேசி ஒன்று தொலைந்தால்

இரு பாகங்களுக்கும் பொதுவான குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். மலேசியர்கள் செய்த விளையாட்டு; ஆனால் பெயர்கள் அன்னா, கிரெக், டெய்லர், ஆஷ்லி. பேச்செல்லாம் ஆங்கிலம். உலகச் சந்தைக்காகச் செய்தார்கள், அதைத் தவறென்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தக் கைப்பேசி தெப்ராவில் ஒரு தாமானில் குடியிருக்கும் தமிழ்ப் பெண்ணுடையதாக இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க உரிமை உண்டு. கணக்குப் போட்டேன். மொழிபெயர்த்தால் போதாது, விளையாட்டின் எலும்புக்கூடே மாற வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தச் சொல்வரிசைப் புதிர். ஆங்கிலத்தில் யார் யாரை அடித்தார் என்பதைச் சொற்களின் வரிசை சொல்கிறது. தமிழில் அதைச் சொல்வது வேற்றுமை உருபு. 'தம்பியை அண்ணன் அடித்தான்', 'அண்ணன் தம்பியை அடித்தான்': வரிசை மாறியது, பொருள் மாறவில்லை. ஆகவே தமிழில் சொற்களைக் கலைத்துப் போட்டால் புதிருக்குப் பல விடைகள் சரியாகிவிடும், புதிர் செத்துவிடும். கலைக்க வேண்டியது உருபை. சிதைந்த செய்தி இப்படி வருகிறது என்று வையுங்கள்: 'அக்கா... கதவைத் திறக்காதே.' இடையில் சில எழுத்துகள் அழிந்திருக்கின்றன. ஒன்றும் இல்லை என்று நினைத்தால், அக்காவை எச்சரிக்கும் செய்தி. அழிந்தது 'வுக்கு' என்று கண்டுபிடித்தால், 'அக்காவுக்குக் கதவைத் திறக்காதே.' வெளியே நிற்பது அக்கா. அல்லது அக்காபோல் ஒன்று. நான்காம் வேற்றுமையைத் தமிழ்ப்பள்ளியில் அட்டவணையாக மனப்பாடம் செய்தபோது அது முதுகைச் சில்லிட வைக்கும் என்று நான் நினைத்ததில்லை.

இரண்டாவது, ஆள்மாறாட்டம். அன்னாவாக நடித்துப் பதில் எழுதுவது ஆங்கிலத்தில் எளிது. எவருக்கும் ஒரே முன்னிலைச் சொல் போதும். தமிழ்க் கைப்பேசியைத் திருடியவன் முதல் சொல்லிலேயே மாட்டிக்கொள்வான். இவள் தன் அம்மாவை 'நீ' என்பாளா, 'நீங்க' என்பாளா? மூத்தவனை 'அண்ணா' என்பாளா, 'அண்ணே' என்பாளா, கோபம் வந்தால் பேரைச் சொல்வாளா? மாமா மகளுக்கு 'டி' போடுவாளா? தோழியிடம் வாக்கியத்தின் கடைசியில் 'லா' சேர்ப்பவள், சித்தப்பாவிடம் சேர்க்காமல் விடுவாளா? பழைய உரையாடல்களை எல்லாம் உட்கார்ந்து படித்த பிறகே ஒரு 'சரி'யைக்கூட அனுப்ப முடியும். அனுப்பிய பிறகு மறுமுனையில் 'தட்டச்சு செய்கிறார்' என்று தோன்றி, மறைந்து, மீண்டும் தோன்றும். அந்த இடைவெளியில் கள்வர் அச்சம் முழுதாக நிற்கும். ஓர் அணங்கும் தேவைப்படாது. அந்த அணங்கே மறுமுனையில் ஆள்மாறாட்டம் செய்வதாக இருந்தால், அதைக் காட்டிக்கொடுப்பதும் இந்த முறைப்பெயர்தான்.

மூன்றாவது, எழுத்து. இங்குதான் எனக்கு இன்னும் தீர்வு கிடைக்கவில்லை. எங்கள் குடும்பப் புலனக் குழுவில் தமிழ் எழுத்தில் எழுதுபவர் அப்பா ஒருவரே. மற்றவர்கள் உரோமன் எழுத்தில் தமிழ், நடுவே மலாய், முடிவில் ஆங்கிலம். உண்மையான கைப்பேசி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் உரோமன் எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவோம். உருபை அழித்தால் அது சிதைவா, எழுதியவரின் வழக்கமான அவசரமா என்று தெரியாமல் போகும். தேசியப் பள்ளியில் படித்த என் நண்பர்கள் சிலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. தமிழ் எழுத்திலேயே வைத்தால் அவர்கள் விளையாட முடியாது. ஒரு வழி இருக்கலாம்: செய்திகள் யாவும் உரோமன் எழுத்தில் ஓட, மறைந்துபோனவள் தனக்குத் தானே எழுதிய குறிப்பு மட்டும் தமிழ் எழுத்தில் இருப்பது. தமிழ் படிக்கத் தெரியாதவர் பாட்டியையோ தாத்தாவையோ கூப்பிட்டுப் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும். கணினித் துறையில் பயிலும் கழக நண்பர்கள் இருவர் இதன் முதல் திரையை வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். குறிப்பை எழுதும் வேலை என்னிடம் இருக்கிறது. 'அக்காவுக்கு' என்ற சொல்வரை எழுதியிருக்கிறேன்.